பிள்ளையின் குரலா, ஆர்மோனியத்தின் சுருதியா?

தொண்டை நோகாமல் பாடக் கற்றுக்கொடுங்கள் என்று சங்கீத ஆசிரியர்களிடம் கேட்பது அளவுக்கு மீறிய கோரிக்கையா? கொழும்பில் பிள்ளைகளைச் சங்கீத வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர் பலருடன் கதைத்துப் பார்த்ததில், இந்தக் கேள்வியை எவரும் ஆசிரியரிடம் கேட்பதில்லை என்றே தெரிகிறது. வகுப்பு முடிந்து வரும் பிள்ளை கரகரத்த குரலில் பேசினால் வேர்க்கொம்பும் மிளகும் சேர்த்து மல்லித்தண்ணீர் அவித்துக் கொடுக்கிறார்கள். அடுத்த சனிக்கிழமை பிள்ளை திரும்பவும் வகுப்புக்குப் போகிறது. கஷ்டப்பட்டால்தானே வித்தை வரும் என்பது எங்கள் சமூகத்தின் பொதுவான எண்ணம். கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் அது பொருந்தலாம். கழுத்துக்குள் இருக்கும் இரண்டு சிறு தசைமடிப்புகளுக்கு அது பொருந்தாது.

அந்த மடிப்புகளைக் குரல்நாண்கள் என்று அழைப்பதால் ஒரு மயக்கம் உண்டாகிவிட்டது. வீணைத் தந்தியைப் போல முறுக்கி ஏற்றினால் நாதம் கூடும் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அவை ஈரமான மெல்லிய சவ்வு போர்த்திய தசைகள். வளர்ந்த ஆணுக்கே ஏறத்தாழ இரண்டு சென்ரிமீற்றர் நீளந்தான். பெண்களுக்கு அதிலும் குறைவு, சிறுவர்களுக்கு இன்னும் குறைவு. பெண்கள் வழக்கமாகப் பாடும் ஐந்து கட்டைச் சுருதியில் மத்திய ஷட்ஜத்தைப் பிடிக்கும்போது இந்த மடிப்புகள் ஒரு வினாடியில் 196 தடவை ஒன்றோடொன்று மோதித் திறக்கின்றன. தார ஷட்ஜத்தில் அது 392 தடவை, தார பஞ்சமத்தில் 587 தடவை. சராசரி 250 என்று குறைத்துக் கணக்கிட்டாலும், ஒரு மணி நேரம் விடாது பாடும் பிள்ளையின் தொண்டைக்குள் ஒன்பது இலட்சம் மோதல்கள் நிகழ்கின்றன. மோதல் மென்மையாக இருக்கும்வரை இயற்கை அதைத் தாங்கும். இறுக்கிப் பிடித்து மூச்சைத் தள்ளிப் பாடும்போது சவ்வு வீங்குகிறது. அதே பழக்கம் மாதக்கணக்கில் தொடர்ந்தால் இரு பக்கமும் காய்ப்புப் போல முடிச்சுகள் தோன்றுகின்றன. பாடகர்களுக்கு மாத்திரமின்றி, நாள் முழுவதும் வகுப்பறையில் கத்துகிற ஆசிரியர்களுக்கும் வருகிற நோய் இது.

கொள்ளுப்பிட்டியில் காலி வீதியை நோக்கிய ஒரு மாடியில் நடக்கும் வகுப்பொன்றை நான் சில மாதங்களாக அவதானித்து வருகிறேன். பெயர் சொல்வது இங்கே முக்கியமன்று. அதைப் போல நூறு வகுப்புகள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நடக்கின்றன. பதினைந்து, பதினாறு பிள்ளைகள் தரையில் சப்பணமிட்டு அமர்ந்திருப்பார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் நிலத்தில் ஒரு சீ.ஆர். கொப்பி விரிந்திருக்கும். கீர்த்தனத்தின் சுரங்களை அதில் பார்த்துப் பாடவேண்டும். எனவே பதினைந்து கழுத்துகளும் முன்னோக்கி வளைந்து, நாடி நெஞ்சைத் தொடுமளவுக்குக் குனிந்திருக்கும். அந்த நிலையில் தொண்டை இறுகுகிறது, வயிறு மடிந்து மூச்சுக்கு இடமில்லாமற் போகிறது. கொப்பியைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி வைக்கும் மரத்தாங்கி ஒன்றை எந்தத் தச்சரும் செய்து தருவார். சாய்வுப் பலகையில் வைத்துப் புராணம் படித்த சமூகம் நாங்கள். ஆனால் சங்கீத வகுப்பில் அந்தப் பலகையை நான் கண்டதில்லை.

ஜன்னல் திறந்திருந்தால் காலி வீதியின் பஸ் இரைச்சல் முழுவதும் உள்ளே வரும். இரைச்சலில் மனிதன் தன்னையறியாமலே குரலை உயர்த்துவான் என்பதை எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு வைத்தியர் 1911இல் எழுதி வைத்தார். இன்றும் மருத்துவத்தில் அவர் பெயராலேயே அந்த இயல்பு வழங்குகிறது. ஜன்னலை மூடிக் குளிரூட்டியைப் போட்டால் உலர்ந்த காற்று. மூடிவிட்டு மின்விசிறியைச் சுழலவிட்டால் அதன் இரைச்சல். இடையிலே, "சத்தம் காணாது, வாயைத் திறந்து பாடுங்கோ" என்று ஆசிரியையின் குரல். பிள்ளைகள் பஸ்ஸோடு போட்டியிடுகிறார்கள்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய தவறு சுருதியில் நடக்கிறது. வகுப்புக்கு ஒரு சுருதிதான். அது பெரும்பாலும் ஆசிரியரின் சுருதி, அல்லது ஆர்மோனியத்தில் அவருக்குக் கைப்பழக்கமான கட்டை. ஆசிரியை ஐந்து கட்டையில் பாடுபவர் என்று வைத்துக்கொள்வோம். எட்டு வயதுப் பெண்பிள்ளைக்கு அது ஏறக்குறைய ஒத்துவரும். அதே வரிசையில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். அவனுக்குக் குரல் உடைந்து ஆறு மாதம். ஆண்பிள்ளைகளுக்கு அந்தப் பருவத்தில் குரல்வளை பெருத்து, குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். அவன் ஆசிரியையின் ஸ்தாயியிலேயே பாட முயன்றால் தார பஞ்சமத்துக்கு வினாடிக்கு 587 அதிர்வு வேண்டும். வளர்ந்த ஆணின் குரல் இயல்பாக எட்டாத உயரம் அது. ஒரு ஸ்தாயி இறங்கிப் பாடினால் மந்தர பஞ்சமம் 73 அதிர்வுக்குப் போய்விடும். அது ஆழ்ந்த கட்டைக்குரல் படைத்தவர்களுக்கே சிரமமான கிடங்கு. மேலேயும் இடமில்லை, கீழேயும் இடமில்லை. அவனுக்கு ஒரு கட்டையோ ஒன்றரைக் கட்டையோ கொடுத்திருந்தால் அதே கீர்த்தனத்தைச் சுகமாகப் பாடியிருப்பான். ஆசிரியர் ஆணாக இருந்து ஒரு கட்டையில் கற்பித்தால் இதே தொல்லை பெண்பிள்ளைகளுக்கு வரும்.

அந்தப் பையனுக்கு நடப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். சில வாரங்கள் உதட்டை மட்டும் அசைப்பான். பிறகு சாதாரண தரப் பரீட்சையைக் காரணம் காட்டி வகுப்பை விட்டுவிடுவான். "அவனுக்குச் சங்கீதம் வராது" என்று வீட்டிலே தீர்ப்பாகிவிடும். கொழும்பின் வாய்ப்பாட்டு வகுப்புகளில் பதின்மூன்று வயதுக்கு மேற்பட்ட ஆண்பிள்ளைகளை எண்ணுவதற்கு ஒரு கை போதும். மிருதங்கத்துக்கும் கீபோர்ட்டுக்கும் போய்விட்டார்கள் என்பது விளக்கமாகச் சொல்லப்படுகிறது. எங்களுடைய சுருதிப் பெட்டிதான் அவர்களை அங்கே துரத்தியது என்பேன்.

இதில் உள்ள முரண்நகை எனக்கு அடிக்கடி வியப்பூட்டும். எங்களது இசையில் ஷட்ஜத்துக்கு நிலையான இடம் கிடையாது. பாடுபவர் எங்கே ஆதார சுருதியை வைத்துக்கொள்கிறாரோ அதுவே ஷட்ஜம். எந்த இலக்கண நூலும் இன்ன கட்டையில்தான் பாடவேண்டும் என்று விதிக்கவில்லை. பழந்தமிழர் ஏழு சுரங்களுக்கு இட்ட பெயர்களில் முதலாவது எது? குரல். துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன அதைத் தொடர்வன. வாய்ப்பாட்டை மிடற்றுப் பாடல் என்றும் அழைத்தார்கள். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் இசையாசிரியனுக்கு வேண்டிய தகைமைகளை அடுக்கும்போது, யாழும் குழலும் தாளமும் அறிந்திருப்பதோடு மிடற்றின் இயல்பையும் அவன் அறிந்திருக்கவேண்டும் என்று இளங்கோவடிகள் சொல்கிறார். எங்கள் இசையாசிரியர்களுள் எத்தனை பேருக்கு மிடற்றைப் பற்றி ஒரு மணி நேரமாவது எவரேனும் கற்பித்திருப்பார்கள்?

மேலைத்தேய இசையிலோ ஒவ்வொரு சுரத்துக்கும் அதிர்வெண் நிலையாக உண்டு. பாட்டும் இன்ன சுருதியில் என்று எழுதியே வருகிறது. அவ்வளவு கட்டுப்பாடான முறையில்தான் பிள்ளையின் குரலை முதலில் அளந்து பார்க்கிறார்கள். கொள்ளுப்பிட்டியில் ஸ்கொட்ஸ் கேர்க், மெதடிஸ்த தேவாலயம், பொல்வத்தைப் புனித மிக்கேல் தேவாலயம் ஆகியவை நடைதூரத்தில் இருக்கின்றன. இத்தகைய தேவாலயப் பாடகர் குழு மரபில், புதிதாகச் சேர்பவர் பியானோ முன்னால் நின்று மேலே எதுவரை, கீழே எதுவரை வசதியாகப் பாடமுடிகிறது என்று காட்டவேண்டும். அதன்பின்பே சொப்ரானோ, அல்ட்டோ, ரெனர், பேஸ் என்று வரிசை பிரிப்பார்கள். குரல் உடைந்த பையனை வேறு வரிசைக்கு மாற்றுவார்களே தவிர வீட்டுக்கு அனுப்புவதில்லை. சுருதி கட்டுண்டிருக்கும் இசையில் பிள்ளைக்குச் சுதந்திரம். சுருதி சுதந்திரமாக இருக்கும் எங்கள் இசையில் பிள்ளை கட்டுண்டு கிடக்கிறது.

உயர்ந்த சுருதி மீதான எங்களது மோகத்துக்கு வரலாறு உண்டு. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கேட்கவேண்டுமானால் உச்சத்தில் பாடத்தான் வேண்டியிருந்தது. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் அந்த மேடையின் சக்கரவர்த்திகள். 1920களின் நடுப்பகுதியில் அவர்கள் இணைந்து நடிக்கத் தொடங்கியது கொழும்பு மேடையில் என்பது எங்கள் ஊருக்குப் பெருமை. கிட்டப்பா 1933இல் தமது 27ஆவது வயதில் மறைந்துவிட்டார். அவரது இசைத்தட்டுகளை இன்று கேட்டாலும் அந்த உயரத்தில் அப்படியொரு இலாகவம் மெய்சிலிர்க்க வைக்கும். அது இலட்சத்தில் ஒருவருக்கு வாய்த்த தொண்டை. அவரை அளவுகோலாக வைத்து ஆயிரம் தொண்டைகளைப் பழக்கமுடியாது.

ஒலிவாங்கி வந்ததும் நிலைமை மாறியது. கர்நாடக இசையில் ஆண்கள் ஒரு கட்டைக்கும் இரண்டு கட்டைக்கும் இறங்கினார்கள். அந்த மாற்றத்தின் உச்சம் என்று நான் கருதுவது எம்.டி. இராமநாதனை (1923 – 1984). டைகர் வரதாச்சாரியாரின் சீடரான அவர் மிகவும் தாழ்ந்த சுருதியில், மிகவும் விளம்பமாக, தம் குரல் எங்கே ஓய்வாக இருந்ததோ அங்கேயே உட்கார்ந்து பாடினார். சபைகளில் கேலி செய்தவர்கள் இருந்தார்கள். அவர் சுருதியை மாற்றிக்கொள்ளவில்லை. டி.கே. பட்டம்மாளின் குரலும் பெண்குரல் என்றால் கீச்சென்று இருக்கவேண்டும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஆழமாகத்தான் பட்டிருக்கும். செம்மங்குடி சீனிவாச ஐயரின் குரல் பாட்டுக்கு உதவாது என்று இளமையில் சொன்னார்கள். அவர் தம் குரலின் கரகரப்பை மறைக்க முயலாமல் அதற்கேற்ற ஒரு பாணியை அமைத்துக்கொண்டு முதுமை வரை கச்சேரி செய்தார். இந்த மூவரையும் நம் பிள்ளைகள் கேட்கவேண்டும் என்று சொல்வது இசை இரசனைக்காக மட்டுமன்று.

இப்போது வேறொரு விநோதம். ஒலிபெருக்கி இருக்கிறது, மண்டபத்தில் மூலைக்கு மூலை ஒலிப்பெட்டிகள் இருக்கின்றன, ஆயினும் பிள்ளைகள் ஒலிவாங்கி இல்லாததுபோலவே கத்துகிறார்கள். பம்பலப்பிட்டிக் கதிரேசன் மண்டபத்திலோ சரஸ்வதி மண்டபத்திலோ ஒரு மாணவர் விழாவுக்குப் போனால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. பத்திரிகைகளும் இதற்குத் தூபமிடுகின்றன. எங்கள் இசை விமர்சனங்களில் குரலைப் பாராட்ட இரண்டே சொற்கள்தான் உண்டு: ஒன்று கணீர், மற்றது வெண்கலம். இதமாகப் பாடினார், அலுப்பில்லாமல் பாடினார் என்று எழுதினால் ஏதோ குறை சொன்னதுபோல ஆசிரியர்கள் தொலைபேசியில் விளக்கம் கேட்பார்கள்.

பாடும் முறை பற்றிய நமது கட்டளைகளிலும் தெளிவில்லை. "அடிவயிற்றிலிருந்து பாடு" என்பது அவற்றுள் பிரசித்தமானது. மூச்சு இருப்பது நுரையீரலில். விலாவும் வயிறும் விரிந்து இடங்கொடுக்க, உள்ளே போன காற்றைச் சிறுகச் சிறுக வெளியே விடும் கட்டுப்பாட்டுக்குத்தான் வயிற்றுத் தசைகள் உதவுகின்றன. அதை விளங்கப்படுத்தாமல் கட்டளையிட்டால், பிள்ளை வயிற்றை எக்கிக் காற்றைக் குரல்வளைக்கு எதிராகத் தள்ளுகிறது. கழுத்து நரம்பு புடைக்கிறது. அதைப் பார்த்து நாங்கள், உயிரைக் கொடுத்துப் பாடுகிறான் என்று மெச்சுகிறோம்.

கள்ளக்குரல் என்ற சொல் இன்னொரு தடை. மேல் ஸ்தாயியில் குரல் இலேசாகி மெலிவது உடலின் இயல்பு. மேலைத்தேய ஆசிரியர்கள் அந்த இலேசான குரலையும் கீழே உள்ள கனமான குரலையும் படிப்படியாகக் கலந்து, தையல் தெரியாமல் இணைக்கப் பழக்குகிறார்கள். நாங்கள் அதைக் கள்ளம் என்று பெயரிட்டு ஒதுக்கிவிட்டதால், பிள்ளை நெஞ்சுக் குரலையே தூக்கிக்கொண்டு தார காந்தாரத்துக்கும் மத்திமத்துக்கும் ஏறுகிறது. மெலிந்த குரலிலேயே முழுக்கச்சேரியும் செய்யவேண்டும் என்று நான் வாதாடவில்லை. கர்நாடக இசையின் திறந்த, கமகம் தாங்கும் நாதத்துக்கு அது போதாது. ஆனால் பயிற்சிக் காலத்தில் அந்தக் கதவையும் திறந்து பார்க்க விடலாமே.

நம் மரபிலேயே நல்ல மருந்து இருந்தது. விடியற்காலையில் மந்தர ஸ்தாயியில் நிதானமாகச் செய்யும் சாதகமும், வாய் மூடி 'ம்' என்று இழைப்பதும் பழைய பாடகர்கள் அறிந்தவை. இன்று குரல் விஞ்ஞானிகள் ஒடுங்கிய உறிஞ்சுகுழல் ஒன்றினூடாக மெதுவாக நாதத்தை விடச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் இங்கோ டிற்சே இதைப் பரப்பியவர்களுள் முக்கியமானவர். வாய் ஒடுங்கும்போது காற்று திரும்பி அழுத்துவதால் மடிப்புகள் மென்மையாக மோதுகின்றன என்பது விளக்கம். வாய் மூடி இழைக்கும்போதும் ஏறத்தாழ அதுவே நடக்கிறது. ஆனால் காலையில் மந்தர சாதகம் செய்ய நேரம் எங்கே? ஆறேகாலுக்குப் பாடசாலை வான் வந்துவிடுகிறது. வாரத்துக்கு ஒரு மணி நேரம், வந்த உடனே சரளிவரிசை மூன்று காலம், பிறகு பரீட்சைக்கான கீர்த்தனம்.

குரல்வளையை உயிருள்ள மனிதரில் முதன்முதலாகச் சீராகப் பார்த்து ஆராய்ந்து எழுதியவர் வைத்தியர் அல்லர், ஒரு பாட்டு வாத்தியார். மனுவேல் கார்சியா என்ற ஸ்பானியர் 1854இல் பல்வைத்தியரின் சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, சூரிய ஒளியை இன்னொரு கண்ணாடியால் உள்ளே திருப்பி, தமது குரல்நாண்கள் அசைவதைத் தாமே கண்டார். அடுத்த ஆண்டு இலண்டன் றோயல் சொசைட்டியில் அதைப் பற்றிய கட்டுரை வாசிக்கப்பட்டது. 1906 வரை, நூற்றியொரு வயது வரை வாழ்ந்தார். காது, மூக்கு, தொண்டை வைத்தியத்துக்கும் பாட்டுக்கும் இவ்வளவு நெருங்கிய உறவிருக்க, கொழும்பில் பாட்டு ஆசிரியர்கள் அந்த வைத்திய நிபுணர்களை இறுதிப் புகலிடமாக மட்டுமே கருதுகிறார்கள். சளி இல்லாமல் மூன்று வாரத்துக்கு மேல் குரல் கரகரப்பாக இருந்தால் காட்டிவிட வேண்டும். இடைப்பட்ட நாட்களில் கிசுகிசுத்துப் பேசுவதும் அடிக்கடி செருமுவதும் புண்ணைக் கிளறுவதற்குச் சமம். பிள்ளைகளின் முடிச்சுகளுக்குப் பெரும்பாலும் கத்தி வேண்டியதில்லை. பேச்சுச் சிகிச்சையும் பழக்க மாற்றமும் போதும். களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடம் அத்தகைய சிகிச்சையாளர்களைப் பட்டதாரிகளாகவே உருவாக்குகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் மட்டக்களப்பில் விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகமும் வருங்கால இசையாசிரியர்களைப் பயிற்றுகின்றன. அந்த மாணவர்களுக்கு மிடற்றைப் பற்றிய சில விரிவுரைகளை ஒரு பேச்சுச் சிகிச்சையாளர் நிகழ்த்தினால் செலவு அதிகம் ஆகாது.

ஆசிரியர்கள் மீது மட்டும் பழியைப் போடுவது நியாயமன்று. வட இலங்கைச் சங்கீத சபையின் தரங்களைப் பிள்ளை ஆண்டுதோறும் தாண்டவேண்டும் என்று நிற்பவர்கள் பெற்றோர். 1931இல் சபையைத் தொடங்கியவர்கள் இசை பரவவேண்டும் என்று நினைத்திருப்பார்கள். நாங்கள் அதைச் சான்றிதழ் சேர்க்கும் ஓட்டமாக்கிவிட்டோம். தமிழ்த்தினப் போட்டி நெருங்கினால் குழுப்பாடலுக்கு ஒரே சுருதியில் பத்துப் பிள்ளைகளை நிறுத்தவேண்டிய நிர்ப்பந்தம் பாடசாலை ஆசிரியைக்கு உண்டு. கொழும்பில் வாடகை கொடுத்து ஓர் அறையில் வகுப்பு நடத்துபவர் பதினைந்து பேரை ஐந்து ஐந்தாகப் பிரித்தால் அவருடைய வருமானம் மூன்றிலொன்றாகும். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து சூம் வழியாக இங்குள்ள ஆசிரியர்களிடம் படிக்கும் பிள்ளைகளின் நிலை இன்னொரு வகை. 2020க்குப் பிறகு அது பெருகியிருக்கிறது. ஒலி பிந்தி வருவதால் எல்லோரையும் வாயடைத்து வைத்துவிட்டு ஆசிரியர் பாட, பிள்ளை அங்கே தன்பாட்டில் பாடிக்கொண்டிருக்கிறது. அது தொண்டையை நெரித்துப் பாடுகிறதா என்று கேட்பதற்கு வழியே இல்லை.

ஆயினும் சுருதியை மாற்றுவதற்குப் பணம் தேவையில்லை. கைத்தொலைபேசிச் செயலியில் விரலால் ஒரு தட்டு. வெள்ளவத்தையில் ஓர் ஆசிரியை சென்ற ஆண்டு முதல் ஒவ்வொரு பிள்ளையின் குரலையும் தவணைக்கு ஒரு தடவை சோதித்து, சீ.ஆர். கொப்பியின் முதற் பக்கத்தில் அதன் கட்டையைப் பென்சிலால் எழுதிவிடுகிறார். பேனையால் எழுதாதது ஏன் என்று கேட்டேன். அடுத்த தவணை மாறும் என்றார். வகுப்பின் முதல் அரை மணி நேரம் ஐந்து கட்டைப் பிள்ளைகளுக்கு, அடுத்தது நாலரைக்கு. குரல் உடைந்த பையன்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களைச் சேர்ந்தாற்போல ஞாயிறு காலையில் ஒரு கட்டையில் வைத்துக்கொள்ள விரும்புகிறார். ஞாயிறு காலையில் அறநெறி வகுப்பு, அதன்பின் கணித ரியூசன். மூன்று பையன்களுக்கும் பொதுவாக ஒழிந்த ஒரு மணி நேரத்தை அவர் இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறார்.